பசுமைக்குடிலில் செடி நலிந்தால்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

வீட்டுப் பசுமைக்குடிலில் ஒரு செடி நலியத் தொடங்கியதும் கை முதலில் போவது பூச்சிமருந்துக்கோ உரத்துக்கோதான். ஆனால் மூடிய கூரைக்குக் கீழே தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை வெப்பம், காற்றின் ஈரப்பதம், வேர்ப்பகுதியின் ஈரம், வெளிச்சம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று நிலைகுலைந்ததால் வருபவை. நோயும் பூச்சியும்கூட அந்த நிலைகுலைவு கொடுக்கும் இடத்தில்தான் காலூன்றுகின்றன. ஆகவே இவ்வழிமுறை கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காற்றையும் நீரையும் வேரையும் முதலில் சோதித்துவிட்டு, மருந்தைக் கடைசி இடத்தில் வைக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். எல்லாச் செடிகளிலும் தெரிகிறதா, ஓரிரண்டில் மட்டுமா? அடி இலைகளில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா? நாளின் எந்த வேளையில் மிகுகிறது? குடில் முழுவதும் ஓரிரு நாட்களுக்குள் ஒரே விதமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் அது அநேகமாகச் சூழலின் கோளாறு. ஒரு மூலையில் தொடங்கி அக்கம்பக்கச் செடிகளுக்கு மெல்லப் பரவினால் பூச்சியையோ நோயையோ ஐயுறலாம். இதற்குத் தேவையானவை, நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பதிந்து வைக்கும் வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத்தாள் ஆகியவை மட்டுமே. வெப்பமானியைச் செடியின் உச்சி உயரத்தில், நேரடி வெயில் படாதபடி மறைவு கொடுத்துத் தொங்கவிட வேண்டும். வெயிலில் தொங்கும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் தான் சூடேறியதையே காட்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது

நண்பகலில் தலை தொங்கி, மாலையில் தானாக நிமிரும் செடிக்குப் பொதுவாக நோய் இல்லை. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை ஆவியாக்கும் வேகம் அந்தச் சில மணி நேரம் மிகுந்துவிடுகிறது. இந்நேரத்தில் மேலும் நீர் ஊற்றுவது உதவாது என்பதோடு, அதுவே பின்னால் வேரழுகலுக்கு வழி திறக்கும். கூரைத் திறப்புகளையும் பக்கவாட்டுத் திறப்புகளையும் முழுமையாகத் திறந்து, நிழல்வலையை இழுத்துவிட்டு, நடைபாதையை நனைத்தால் போதும். உள் வெப்பம் சில டிகிரி இறங்கும். கூரையிலுள்ள திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் 15 முதல் 20 விழுக்காடாவது இல்லாத குடிலில் இந்த வாட்டம் கோடை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். அங்கே திறப்பை அகலப்படுத்துவதோ மின்விசிறி பொருத்துவதோதான் நிலையான தீர்வு.

மாலையிலும் நிமிராத செடியைப் பொறுத்தவரை வேரைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை மெல்ல வெளியே எடுங்கள். நலமான வேர் வெண்மையாக, இழுத்தால் எதிர்ப்புக் காட்டும்படி உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறியிருக்கும். அதை இரு விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால் மேற்பட்டை உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட, நடுவிலுள்ள மெல்லிய நார் மட்டும் தொட்டியில் நிற்கும். நீர் தேங்கும் ஊடகத்தில் (தொட்டியில் நிரப்பிய மண் கலவையில்) பித்தியம் போன்ற பூஞ்சாண வகை உயிரிகள் செய்யும் வேலை இது. பாதிக்கு மேல் வேர் வெண்மையாக இருந்தால் செடியைக் காப்பாற்ற முடியும்: அழுகியதை நறுக்கி எறிந்து, காற்றோட்டமுள்ள புதிய ஊடகத்தில் மாற்றி நட்டு, இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, நிழலில் வைத்து, மேற்பரப்பு உலர்ந்த பின்னரே நீர் கொடுக்க வேண்டும்.

வேரில் மணிமணியாக வீக்கங்கள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகைச் செடிகளின் வேரில் இயல்பாக இருக்கும் நன்மை தரும் முடிச்சுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்மை தரும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே பருத்திருக்கும், உதிராது. நூற்புழு தாக்கிய செடியை மண்ணோடு அகற்றி, அந்தத் தொட்டியின் ஊடகத்தைக் குடிலுக்குள் மீண்டும் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

வேர் நலமாகத் தெரிந்தும் செடி வாடினால் தண்டின் அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பழுப்பு வளையம் தெரிவதோடு, அடி இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகி வந்திருந்தால் பியூசேரியம் போன்ற பூஞ்சாண வாடல் எனலாம். இலைகள் பசுமை மாறாமலே தக்காளியோ கத்தரியோ திடீரெனத் துவண்டிருந்தால், வெட்டிய தண்டுத் துண்டைக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் நீருக்குள் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இவ்விரண்டுக்கும் செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. செடியை வேரோடு அகற்றி, வெட்டிய கத்தியை ஆல்கஹால் கரைசலால் துடைத்து, அந்த இடத்தில் வேறு குடும்பத்துச் செடியை வைக்க வேண்டும். தொடர்ந்து தக்காளியே வளர்க்க விரும்புவோருக்கு எதிர்ப்புத்திறனுள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றுகள் கைகொடுக்கும்.

இலைகள் மஞ்சளாகின்றன

மஞ்சள் நிறம் எந்த இலையில் தொடங்கியது என்பதே இங்கு முக்கியமான தடயம். தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வரும்போது செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால் அடி இலைகள் முதலில் வெளிறுகின்றன. அடி இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. இரும்பு அவ்வாறு இடம்பெயராது என்பதால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கொழுந்திலேயே தெரியும்.

இரும்புக் குறையாகத் தெரிவதில் பல நேரம் மண்ணில் இரும்பு போதிய அளவு இருக்கும். கார அமிலநிலை (pH) 7-ஐத் தாண்டிவிட்டதால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. கடின நீரை மாதக்கணக்கில் ஊற்றிவரும் தொட்டிகளில் இது மிகவும் சாதாரணம். எனவே இரும்பு உரம் சேர்க்கும் முன் ஊடகத்தின் கார அமிலநிலையை அளந்து, 6.0 முதல் 6.8 வரையிலான அளவுக்குக் கொண்டுவருவது முறை. அதுபோலவே வேர் நனைந்து மூச்சு முட்டும்போதும் இலை மஞ்சளாகும். அப்போது உரம் கொடுத்தால் நலிந்த வேரின்மீது உப்புச்சுமையும் ஏறும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை உணர்ந்து நீர் கொடுக்கும் பழக்கம், அட்டவணைப்படி நீர் ஊற்றுவதைவிட எத்தனையோ மேல்.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

மண்ணின் மேற்பரப்பிலோ தொட்டியின் விளிம்பிலோ வெண்ணிறப் படிவு தெரிந்தால் காரணம் உப்புச் சேர்க்கை. மழை படாத குடிலில் உரத்தின் உப்பைக் கழுவிச் செல்ல எதுவும் இல்லை. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டு, அடுத்த சில வாரங்களுக்கு உரத்தைப் பாதியாகக் குறைத்தால் புதிய இலைகள் நலமாக வரும். கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. கருகல் இன்றி, கூரையை நோக்கிய இலைப்பரப்பில் மட்டும் காகிதம் போன்ற வெண்திட்டுகள் தோன்றினால் அது வெயிற்சூடு. மந்தமான நாட்கள் சிலவற்றுக்குப் பின் திடீரெனப் பளீரென்று வெயில் அடிக்கும் நாளில் நிழல்வலை இல்லாத குடிலில் இதைக் காணலாம்.

நாற்றுகள் மெலிந்து நீளுகின்றன, அல்லது அடியில் ஒடிந்து சாய்கின்றன

இவை இரண்டும் வேறு வேறு. மெலிந்து வெளிறி நீளும் நாற்றுக்கு வெளிச்சம் போதவில்லை, அல்லது இருக்கும் வெளிச்சத்துக்கு வெப்பம் மிகுதி. முளைத்த அன்றே நாற்றுத்தட்டை வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, இரவு வெப்பத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து இறுகிச் சுருங்கிச் சாய்வது நாற்றழுகல் நோய். ஒரு தட்டில் வட்டமாகப் பரவும். நெருக்கமான விதைப்பு, ஓயாத ஈரம், அசையாத காற்று என்ற மூன்றும் கூடும் இடத்தில் இது வரும். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்து, தட்டுக்கு அடிவழியாக மட்டும் நீர் கொடுத்து, சிறு விசிறியால் காற்று அசையச் செய்யுங்கள். அடுத்த விதைப்புக்குத் தட்டுகளைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது.

பூ உதிர்கிறது, காய் பிடிப்பதில்லை

செடி பச்சைப்பசேலென்று இருந்தும் பூக்கள் காம்போடு உதிர்வதுதான் குடில் வைத்திருப்போரை மிகவும் மனம் நோகச் செய்யும் அறிகுறி. இதற்கு முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியில் பதிந்த உச்சமும் தாழ்வும். தக்காளியில் பகல் வெப்பம் தொடர்ந்து 32 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும், இரவு வெப்பம் 24-க்கு மேல் நின்றாலும், 13-க்குக் கீழே போனாலும் மகரந்தம் வீரியம் இழக்கிறது. குடைமிளகாயும் ஏறத்தாழ இதே வெப்பங்களில் பூவை உதிர்க்கும். பகல் உச்சத்தை மட்டும் கவனித்து, இரவில் திறப்புகளை மூடிவைத்து வெப்பத்தைத் தேக்கிக்கொள்ளும் வழக்கம் வெப்பமான பருவத்தில் காய்ப்பிடிப்பைக் கெடுத்துவிடும்.

வெப்பம் சரியாக இருந்தால் அடுத்து மகரந்தம் அசைகிறதா என்று பாருங்கள். தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து சூல்முடியைச் சூழ்ந்திருக்கின்றன. மகரந்தம் அந்தக் கூம்புக்குள்ளேயே உதிர வேண்டும். திறந்தவெளியில் காற்றும் ரீங்கரிக்கும் தேனீ வகைகளும் செய்யும் இந்த வேலைக்கு மூடிய குடிலில் ஆளில்லை. முற்பகலில் பனி உலர்ந்த பிறகு பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டினாலோ மின் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் ஒரு கணம் வைத்தாலோ, வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது மஞ்சள் தூள் பொழிவது தெரியும். தூள் வராமல் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதென்று பொருள். திறப்புகளைத் திறந்து அது 70-க்கு இறங்கிய பின் மீண்டும் சுண்டுங்கள்.

வெள்ளரியில் முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள் என்பதால் அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டி வெள்ளரி போன்ற பிஞ்சு தெரியும்; அது மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தடவலாம். குடிலுக்கு என்றே வாங்குவதானால் மகரந்தச் சேர்க்கையின்றிக் காய்க்கும் இரகங்களைத் தேர்ந்தெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

குளிர்காலத்தில் எரிவாயுவோ மண்ணெண்ணெயோ எரிக்கும் சூடேற்றி வைத்திருப்போர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே இரவில் பூக்கள் மொத்தமாக உதிர்ந்து, இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால், எரிபொருள் சரிவர எரியாமல் எத்திலீன் வாயு சேர்ந்திருக்கக்கூடும். சுடர் நீலமாக எரிகிறதா, புகைபோக்கியில் அடைப்பு உண்டா, எரிவதற்கு வேண்டிய வெளிக்காற்று உள்ளே வருகிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். சரிவர எரியாத அடுப்பு கார்பன் மோனாக்சைடையும் வெளியிடும் என்பதால், இது செடியின் நலத்தோடு உள்ளே வேலை செய்பவரின் உயிரையும் பற்றியது.

காயின் அடிப்பகுதி கறுத்து அமிழ்கிறது

தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் பூ முனையில் தோன்றும் தோல்போன்ற கறுப்புத் திட்டு, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) எட்டாததால் வருவது, தொற்றுநோய் அன்று. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே பயணிக்கிறது. நீரை வெளியேற்றும் இலைகளுக்குப் பெரும்பங்கு போய்விட, அதிகம் ஆவியாக்காத காய்க்கு மிச்சமே கிடைக்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் தொட்டிகளில், மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தும் காய் கெடுவது இதனால்தான். சிறு சிறு அளவாக, நாள்தோறும் சீராக நீர் போகும்படி சொட்டுக்குழாயைச் சரிசெய்து, தழைச்சத்தைக் குறைத்தால் அடுத்த கொத்துகள் நலமாக வரும். இலையில் சுண்ணாம்புக் கரைசல் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. இலையில் சேர்ந்தது காய்க்கு இறங்கி வராது. கறுத்த காய்களைப் பறித்துவிடலாம்.

இலையிலும் தண்டிலும் பூசணம்

பூசணத்தின் நிறத்தையும் இடத்தையும் கொண்டே பிரித்தறியலாம். இலையின் மேற்புறத்தில் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்தால் சாம்பல் நோய். நரம்புகளுக்குள் அடைபட்ட கோணல் மஞ்சள் திட்டுகளும், காலையில் அடிப்புறத்தில் ஊதாச் சாம்பல் நிற மென்மயிரும் வெள்ளரியில் தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். தக்காளி இலையின் மேலே வெளிர்மஞ்சள் திட்டும், அதற்கு நேர் அடியில் ஆலிவ் நிற வெல்வெட்டுப் பரப்பும் இருந்தால் இலைப்பூசணம். வெட்டுக்காயம், வாடிய இதழ், முதிர்ந்த இலைக்காம்பு ஆகியவற்றில் தொடங்கும் சாம்பல்நிறப் பூசணம், தட்டினால் புகைபோல வித்துகளைக் கிளப்பும். அதன் வித்துகள் தக்காளிக் காயில் முளைவிட்டு மேற்கொண்டு வளராமல் நின்றுவிட்டால் வெளிறிய சிறு வளையங்கள் மட்டும் தெரியும். அந்தக் காயை உண்பதில் தடை இல்லை, ஆனால் குடிலில் காற்று ஈரமாக நிற்கிறது என்பதற்கு அது தெளிவான எச்சரிக்கை.

சாம்பல் நோயைத் தவிர மற்றவற்றுக்கு இலை நனைந்திருப்பதோ காற்றில் ஈரப்பதம் மிக உயர்ந்து நிற்பதோ தேவை. குடிலில் அந்த ஈரம் சேரும் வேளை விடியற்காலை. 20 டிகிரி செல்சியசில் 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 3 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்தாலே பனித்துளியாகிவிடும். கூரைத்தாளும் இலையும் இரவில் அந்த அளவு எளிதாகக் குளிர்ந்துவிடுகின்றன. ஆகவே நீர் ஊற்றுவதைக் காலையிலேயே முடித்து, மாலை மூடுவதற்கு முன் சற்று நேரம் திறந்துவைத்து ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். சூடேற்றி உள்ளவர்கள் மேல் திறப்பை விரற்கடை அளவு திறந்தபடியே சிறிது நேரம் சூடேற்றினால், சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். எரிபொருள் வீணாகிறதே என்று தோன்றினாலும், இதைவிடப் பயனுள்ள பூஞ்சாணத் தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. அடி இலைகளை நீக்கும்போது காம்பின் துண்டு தண்டில் நிற்காதபடி ஒட்ட வெட்டி, வெட்டிய இலையைக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

சாம்பல் நோய்க்கு நனைந்த இலை வேண்டியதில்லை; நெருக்கமும் நிழலும் மிதமான வெப்பமும் போதும். தொடக்கத்திலேயே பாதித்த இலைகளை எடுத்துவிட்டு, பொட்டாசியம் பைகார்பனேட்டையோ நனையும் கந்தகத்தையோ பொட்டலத்தில் குறித்த அளவில் தெளிக்கலாம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாதபோதும் கந்தகம் இலையைக் கருக்கிவிடும்.

இலை சுருள்கிறது, புள்ளி விழுகிறது, பிசுபிசுக்கிறது

தக்காளியின் அடி இலைகள் மேல்நோக்கிக் குழலாகச் சுருண்டு தடித்திருந்து, கொழுந்து நலமாக இருந்தால் அது வெப்பத்துக்கும் கடும் கவாத்துக்கும் செடி காட்டும் எதிர்வினை. ஒன்றும் செய்ய வேண்டாம். கொழுந்திலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி. அந்தச் செடியை அசைத்து ஈக்களைப் பறக்கவிடாமல், பையால் மூடி வேரோடு அகற்ற வேண்டும். மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் வளைந்தால் இலைப்பேனும், கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தியும் காரணமாக இருக்கும். புதிதாக வாங்கிய எருவில் நட்ட பிறகு கொழுந்து பெரணி இலைபோல் முறுக்கிக்கொண்டால், அந்த எருவில் களைக்கொல்லியின் எச்சம் இருக்கலாம். மீதி எருவில் சில அவரை விதைகளை ஊன்றி அவற்றின் கொழுந்தும் முறுக்குகிறதா என்று பார்த்தால் உறுதியாகும்.

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் நிறைந்தால் இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள்களில் சில மெல்ல ஊர்ந்தால் அது செஞ்சிலந்தி. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த காற்றில், 30 டிகிரியளவில், முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடுவதால், பின்னல் வலை கண்ணில் படும்வரை காத்திருப்பது தாமதம். இலையின் அடிப்புறத்தை நீரால் வேகமாக அடித்துக் கழுவி, நண்பகலில் காற்றின் ஈரத்தை உயர்த்தி, சிலந்தியைத் தின்னும் கொன்றுண்ணிச் சிலந்திகள் கிடைக்குமானால் அவற்றை விடலாம்.

இலை பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, எறும்பு ஏறினால் மேலே உள்ள இலைகளின் அடியில் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றில் ஒன்று சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். 1 முதல் 2 விழுக்காடு பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது இவற்றுக்குப் போதுமானது. முன்னதாக இரண்டு இலைகளில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈயின் முட்டையும் கூட்டுப்பருவமும் சோப்புக்குத் தப்பிவிடுவதால் 5 முதல் 7 நாட்களுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை தெளித்தால்தான் தொடர் அறுபடும். மஞ்சள் ஒட்டுப்பொறிகள், பூச்சி வந்திருப்பதை அறிவிக்கப் பயன்படுமே தவிர, அவற்றால் மட்டும் கட்டுப்படுத்த முடியாது. என்கார்சியா என்ற நுண்குளவியை விட்டிருப்பவர்கள், இலையின் அடியில் வெள்ளை ஈயின் கூட்டுப்பருவம் சில கறுத்திருப்பதைக் கண்டால் அந்த இலைகளைப் பறிக்கக் கூடாது. அவற்றுக்குள் அடுத்த தலைமுறைக் குளவி வளர்கிறது. திறப்புகளில் அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்ணுள்ள பூச்சிவலை அடிப்பவர்கள், வலை காற்றோட்டத்தைக் குறைக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு திறப்பின் பரப்பைக் கூட்ட வேண்டும்.

நோயும் இல்லை, பூச்சியும் இல்லை, ஆனால் வளர்ச்சி நின்றுவிட்டது

இதற்கு இரண்டு இடங்களில் தேடலாம். முதலாவது காற்று. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் என்ற அளவில் இருக்கிறது. குளிருக்கு அஞ்சி முழுவதும் மூடிவைத்த குடிலில் வெயில் ஏறியதும் செடிகள் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்க, அளவு வெளியைவிடக் கீழே இறங்கி, வெளிச்சம் இருந்தும் வளர்ச்சி மந்தமாகிறது. முற்பகலில் சில நிமிடங்கள் திறந்து மூடினாலே இது ஈடாகும். இரண்டாவது கூரை. புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் தாளும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அதன்மேல் தூசியும் பாசியும் படிந்தால் உள்ளே வரும் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைவதைக் கண் உணராது. தாளின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தின் வழியாகவும் துடைக்காத இடத்தின் வழியாகவும் தரையில் விழும் நிழலின் அடர்த்தியை ஒப்பிடுங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் மென்மையான துணியாலும் சோப்பு நீராலும் கூரை முழுவதையும் கழுவ வேண்டும். கழுவிய பின் மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய இலைகள் கருகாமலிருக்க முதல் ஒரு வாரம் நண்பகலில் நிழல்வலையை இழுத்துவிட வேண்டும்.